கொழும்புச் சுட்டெண்ணும் கல்முனைக் கரையின் வாழ்க்கைச் செலவும்

இலங்கையில் ‘வாழ்க்கைச் செலவு’ என்னும் தொடர் அரசாங்கக் கந்தோர்களிலும் தொழிற்சங்க மேடைகளிலும் அன்றாட வழக்காகியது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயாகும். 1938 நவம்பர் முதல் 1939 ஏப்பிரல் வரையுள்ள ஆறு மாதங்களின் விலைவாசியை நூறெனக் கொண்டு கொழும்புத் தொழிலாளருக்கு ஒரு சுட்டெண்ணும், 1939 யூலை முதல் செத்தெம்பர் வரையுள்ள விலைகளை நூறெனக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கு மற்றொரு சுட்டெண்ணும் கணிக்கப்பட்டன. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் வழியே குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டபோது, அக்கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட படி இவ்வெண்களின் ஏற்ற இறக்கத்தைத் தழுவி நின்றது. நகரத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. நகரமும் தோட்டமும் அல்லாத இலங்கைக்கு, அஃதாவது வயலையும் வலையையும் தறியையும் நம்பி வாழ்ந்த இலங்கைக்கு, எண் எதுவும் இருக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் இக்கணக்குப் புதுப்பிக்கப்பட்டது. 1949-50 இல் கொழும்பு மாநகர எல்லைக்குள் வாழ்ந்த 455 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டு, 1952 ஆம் ஆண்டின் விலைகளை நூறெனக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அமைந்தது. அக்குடும்பங்கள் நூறு ரூபா செலவிட்டால் அதிலே 61.9 ரூபா உணவுக்கும், 9.4 ரூபா உடைக்கும், 4.3 ரூபா விறகு விளக்கு முதலியவற்றுக்கும், 5.7 ரூபா வீட்டு வாடகைக்கும், எஞ்சிய 18.7 ரூபா ஏனையவற்றுக்கும் சென்றதாகக் கணக்கிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த 455 குடும்பங்களின் அடுப்பும் அலுமாரியுமே நாடு முழுவதற்கும் அளவுகோலாயின. பாராளுமன்றத்திலே விலைவாசி விவாதிக்கப்படும்போதும், தொழிலாளர் படி கேட்டு வாதிடும்போதும் எடுத்தோதப்பட்ட எண் இதுவே. கோட்டையிலிருந்து இரவு முழுதும் புகைவண்டியில் வந்து, பின்னர் பேருந்தேறி அடையவேண்டிய ஒரு கரையிலும் இவ்வெண் ஆட்சி செலுத்தியது என்பது சற்று வியப்புக்குரியதே.

அக்கரை மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனைக் கரையாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுத்த மாலைபோல் அமைந்துள்ளன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்; இடையிலே ஒடுங்கிய மணல்மேடு. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. கல்முனை 2001 இல் மாநகர சபையாயிற்று.

புகைவண்டிப் பாதை 1928 இல் மட்டக்களப்புக்கு வந்தது, அங்கேயே நின்றும்விட்டது. ஆகவே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய சீனி, மண்ணெண்ணெய், சீமெந்து, நூல், துணி ஆகிய யாவும் மட்டக்களப்பில் இறக்கி, மீண்டும் லொறியில் ஏற்றி, கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லவேண்டியிருந்தன. கொழும்பிலிருந்து தரைவழியாக வந்தவை மனம்பிட்டியில் மகாவலியைக் கடந்த பாலமோ புகைவண்டிக்கும் வாகனங்களுக்கும் பொதுவானது. 2007 இல் தனிப் பாலம் திறக்கப்படும்வரை ஒன்று போகும்வரை மற்றொன்று காத்து நின்றது. ஒவ்வொரு ஏற்றிறக்கமும் கல்முனைக் கடைக்காரரின் விலையில் ஏறியது. இதற்கு மாறாக, அரிசியும் மீனும் எருமைத் தயிரும் தேங்காயும் ஊரிலேயே விளைந்தவை. கொழும்புக்குச் சென்றால்தான் அவற்றுக்கு ஏற்றுகூலி சேரும். எனவே கல்முனை கொழும்பிலும் மலிவானதா, விலை கூடியதா என்று ஒரு சொல்லில் வினவுவது பொருளற்றது. என்ன வாங்குகிறார், எப்பொழுது வாங்குகிறார் என்றே வினவவேண்டும்.

‘எப்பொழுது’ என்பது இங்கே பெரிய வினா. பெரும்போக நெல் மாசி பங்குனியில் அறுவடையாகும்போது களத்திலேயே கடன்காரர் வந்து நிற்பர். விதைநெல்லுக்கும் உழவுக்கும் வாங்கிய கடனைத் தீர்க்கச் சிறு விவசாயி தன் நெல்லை விலை தாழ்ந்திருக்கும் வேளையிலேயே விற்பான். ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் கடல் கொந்தளித்துக் கரைவலை இழுப்பது நின்றுவிடும். வயலில் புதிய பயிர் நிற்கும், வீட்டிலே பழைய நெல் தீர்ந்திருக்கும். முன்னர் தான் விற்ற நெல்லையே கூடிய விலைக்கு அரிசியாக வாங்குவான். கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமையிலும், பங்குனிக் கல்முனைக்கும் கார்த்திகைக் கல்முனைக்கும் இடையிலுள்ள வேற்றுமையே அவன் வயிற்றை நேரே தொட்டது. போடியார் தம் பட்டறையில் நெல்லைச் சேர்த்துவைத்துக் காத்திருக்க வல்லவர். வயலிற் கூலிக்கு நின்றவனுக்கு அது இயலாது. ஆகவே ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே அரிசிக்கு இருவேறு விலை நிலவியது எனலாம்.

இந்த வேற்றுமையை ஓரளவு மறைத்து நின்றது பங்கீட்டு அரிசி. போர்க்காலத்தில் 1942 இல் தொடங்கிய பங்கீடு அதன் பின்னரும் நீடித்தது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதும், ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு கண்ட ஹர்த்தாலும், அதனைத் தொடர்ந்து பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வுயர்வு கொழும்புத் தொழிலாளியின் சுட்டெண்ணில் உடனே தென்பட்டது. கல்முனைக் கரையிலோ அது மூவரை மூன்று விதமாகத் தாக்கியிருக்கும். தன் வயல் நெல்லை உண்ட போடியாரை அது நேரடியாகத் தொடவில்லை. மருதமுனை நெசவாளியையும் கடற்றொழிலாளியையும் கொழும்புத் தொழிலாளியைப் போலவே தாக்கியது. மாதச் சம்பளம் பெற்ற ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் செலவு கூடிற்று. ஆனால் சுட்டெண்ணோடு ஏறும் படி என்னும் குடை அவர்களுக்கு இருந்தது. நெசவாளிக்கு அக்குடையில்லை.

பங்கீட்டின் விந்தை வேறொன்றும் உண்டு. 1960களின் முற்பகுதியில் அரசாங்கம் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் ஒரு புசல் நெல்லை 12 ரூபாவுக்கு வாங்கியது. ஒரு புசல் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 16 கொத்து அரிசி கிடைக்கும். பங்கீட்டு விலையோ கொத்துக்கு 25 சதம். ஆகவே அந்த 16 கொத்தின் விலை நான்கு ரூபா. விவசாயி சங்கக் கடையின் ஒரு வாசலில் பன்னிரண்டு ரூபாவுக்கு நெல்லைக் கொடுத்து, மறுவாசலில் நான்கு ரூபாவுக்கு அதே அளவு அரிசியைப் பெறக்கூடிய நிலை அது. கொழும்புத் தொழிலாளிக்குப் பங்கீடு வெறும் மலிவு. நெல் விளையும் கரைக்கு அது மலிவும் வருமானமும் ஆயிற்று. நகரவாசியின் செலவுக் கணக்கிலே இந்த இரண்டாவது பக்கம் எழுதப்படுவதில்லை. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தபின் சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய பற்றுகளின் வயல்களுக்கும் வாய்க்கால் நீர் பாய்ந்தது. அந்த இரண்டாவது பக்கம் மேலும் பெருத்தது.

எனினும் கொழும்புக் கணக்குக்கும் கல்முனைக் கணக்குக்கும் இடையிலுள்ள பெரும் பிளவு உணவில் இல்லை, வீட்டில் உள்ளது. 1952 இன் சுட்டெண்ணில் வாடகைக்கு 5.7 வீதம் வைக்கப்பட்டது. கொழும்புத் தொழிலாளி வாடகை வீட்டில் வாழ்ந்தான். ஆகவே அது பொருத்தமே. கல்முனைக் கரையில் மாத வாடகை கொடுத்து வாழ்வோர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த உத்தியோகத்தரே. ஊரவருக்கு வீடு வாடகையால் வருவதன்று, சீதனத்தால் வருவது. மட்டக்களப்புத் தமிழகத்தின் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழி வீட்டு வழக்கம் ஆழ வேரூன்றியது. மகள் மணமுடிக்குமுன் அவளுக்கொரு வீடு கட்டப்படவேண்டும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் அடுத்த மகளோடு வேறு வீட்டுக்கோ, வளவின் ஓர் ஓரத்துச் சிறு வீட்டுக்கோ பெயர்வர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார்.

இதன் பொருளியற் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். கொழும்புத் தொழிலாளி வீட்டுக்காக ஆயுள் முழுவதும் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறான். கல்முனைத் தந்தையோ தனக்காக ஒன்றும் செலுத்துவதில்லை. மகளுக்காக ஒரே வேளையில் எல்லாவற்றையும் செலுத்துகிறான். மூன்று பெண் மக்களென்றால் மூன்று வீடு. அதற்காக வயலை ஈடு வைப்பான், விற்பான். அண்ணன்மார் தங்கையரின் வீடு முடியும்வரை தம் திருமணத்தைப் பிற்போடுவர். 1980களின் பின் தாய்மாரும் பெண் மக்களும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றதும் பெரும்பாலும் இவ்வீட்டைக் குறித்தே. இத்துணைப் பெருஞ் செலவும் மாதாந்த வரவு செலவு ஏட்டில் ஒரு சதமாகவேனும் தோன்றாது. புள்ளிவிபரவியலார் அதனை நுகர்வென்று கொள்ளாது முதலீடென்று ஒதுக்குவர். அவர்தம் சாத்திரப்படி அது சரியே. ஆயினும், அக்குடும்பத்தின் நாற்பது ஆண்டு உழைப்பை விழுங்கியது எதுவோ, அதனை அக்குடும்பத்தின் வாழ்க்கைச் செலவில் சேர்க்காமல் அங்கே வாழ்க்கை மலிவென்று கூறுவதில் என்ன நியாயம் உண்டு?

நிலம் ஒடுங்கிய கரையாதலின் இச்செலவு தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்தது. ஒரு வளவு இரண்டு மகளிருக்குப் பங்காகும். அவர்தம் மகளிருக்கு நான்காகும். மேற்கே வயலை நிரப்பி வீடு கட்டுதல் நெல்லை இழப்பதாகும், கிழக்கே கடல். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் வீடுகள் கடலின் விளிம்புவரை நெருங்கியது இதனாலேதான். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை இழக்கவில்லை. கரையோரத்து மலிவான காணித்துண்டின் உண்மை விலை அன்று தெரிந்தது. அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசாங்கம் முதலில் விதித்தபோது, பல குடும்பங்களின் மகளிருக்குரிய சீதன நிலம் ஒரே ஆணையால் வீடற்ற நிலமாயிற்று. எல்லை பின்னர் தளர்த்தப்பட்டதெனினும், உள்நிலத்துக் காணியின் விலை ஏறியது ஏறியதே.

உடையின் கதை வேறு. மருதமுனைக் கைத்தறி புகழ் வாய்ந்தது. சாரனும் சேலையும் அங்கே நெய்யப்பட்டு நாடெங்கும் சென்றன. ஆயினும் நூலும் சாயமும் வெளியிலிருந்தே வரவேண்டும். 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டுத் துணி அருகியமையால் தறிக்கு வேலை இருந்தது, ஆனால் நூல் பங்கிட்டே கிடைத்தது. 1977 இல் கதவு திறந்ததும் மலிவான துணி வந்து குவிந்தது. கொழும்புச் சுட்டெண்ணில் அது உடைச்செலவின் தணிவு. மருதமுனையில் அது பல தறிகளின் ஓய்வு. வாங்குவோனுக்கு நன்மையாவது விற்போனுக்குத் தீமையாவது உலக வழக்கே. ஆனால் வாங்குவோனும் விற்போனும் ஒருவனேயாகிய ஊரில் விலைச் சுட்டெண் பாதிக் கதையையே சொல்லும்.

அதே 1970களில் சுட்டெண்ணின் நம்பகமே ஐயத்துக்குள்ளாயிற்று. 1970 இல் 138.2 ஆக நின்ற கொழும்புச் சுட்டெண் 1975 இல் 198.3 ஆகவும், 1977 இல் 203.2 ஆகவும் இருந்தது. இரண்டு ஆண்டில் ஐந்து புள்ளியளவே ஏற்றம்! பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறை இதனை எங்ஙனம் நம்பியிருக்கும்? கட்டுப்பாட்டு விலையே சுட்டெண்ணில் பதிந்தது. அவ்விலைக்குப் பொருள் கிடைத்ததா என்பது பதியவில்லை. கட்டுப்பாடுகள் நீங்கிய பின் 1980 இல் அதே சுட்டெண் 318.2 ஆகப் பாய்ந்தது. அடைத்துவைத்த நீர் மடை திறந்து பாய்வதைப் போன்றது அது.

1973-74 உணவு நெருக்கடியில் தனியார் அரிசியை ஊருக்கு ஊர் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டு, வீதிகளிலே தடைமரங்கள் நாட்டப்பட்டமை இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான செய்தியாகும். பேருந்துப் பயணிகளின் பைகளும் சோதிக்கப்பட்டன. பொருளியலார் கூறுவது, ஈரிடத்து விலை வேற்றுமை ஏற்றுகூலியளவாகச் சுருங்கும் என்பதே. தடைமரம் நாட்டிய நாட்டில் அவ்விதி நடவாது. நெல் மிகுந்த கரைக்கும் நெல் அரிய நகருக்கும் இடையில் விலை எவ்வளவும் விரியலாம். அவ்விரிவை அளக்கும் எண் ஒன்று அன்று நாட்டிடம் இல்லை.

1978 இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. இலவச அரிசிப் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கே என வரையறுக்கப்பட்டது; 1979 செத்தெம்பரில் உணவு முத்திரை அதன் இடத்தைப் பிடித்தது. 300 ரூபா என்பது கொழும்புக்கும் கல்முனைக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே கோடு. கொழும்பில் கூலிச் சிட்டை உண்டு. வருமானத்தை மறைத்தல் எளிதன்று. வயலில் நெல்லாகக் கூலி பெறுபவனுக்கும், கரைவலையில் மீன் பங்கு பெறுபவனுக்கும் மாத வருமானம் எவ்வளவு? அறுவடை மாதத்தில் கோட்டுக்கு மேலேயும், மழை மாதத்தில் கீழேயும் இருப்பவன் அவன். ஒரு வகையில் இக்குழப்பம் கிராமத்தானுக்கு நன்மையாயிற்று. வருமானத்தைக் குறைத்துக் காட்டுதல் எளிதாயிற்று. மறுவகையில், உண்மையாகவே வறியவனுக்கும் போடியாருக்கும் உள்ள வேறுபாடு கிராம அலுவலரின் மதிப்பீட்டில் தங்கிற்று.

இவ்விடத்தில் பலரும் மயங்கும் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. விலைச் சுட்டெண் ஓரிடத்தின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவது, ஈரிடங்களை ஒப்பிடுவதன்று. கொழும்பிலும் கல்முனையிலும் 1952 ஐ நூறென வைத்திருந்தாலும், அந்நூறும் இந்நூறும் ஒரே தொகையென்பது பொருளன்று. இந்தியாவிலே 1960 ஐ நூறெனக் கொண்ட தொழிலாளர் விலைச் சுட்டெண் 50 நடுவங்களில் தனித்தனி கணிக்கப்பட்டது; 2016 ஐ அடியாகக் கொண்ட புதிய வரிசையில் 88 நடுவங்கள் உள. சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் தேயிலைத் தோட்டம் சூழ்ந்த குன்னூருக்கும் தனித்தனி எண் உண்டு. அங்கேயும் சென்னையின் எண்ணை மதுரையின் எண்ணோடு வைத்து எது மலிவென்று தீர்ப்பிட முடியாது. எது விரைந்து ஏறுகிறது என்றே கூறலாம். ஆயினும் மதுரைக்கெனத் தனி எண் ஒன்று உண்டு.

இலங்கையில் அத்தகைய முயற்சி மெல்லவே வந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004 இல் உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டை வெளியிட்டது. 2002 ஆம் ஆண்டின் விலைப்படி ஒருவர் ஒரு மாதம் உயிர்வாழ இன்றியமையாத செலவு 1,423 ரூபா எனக் கொண்டு, மாவட்டந்தோறும் விலை வேற்றுமையைக் கணித்துத் தனித்தனிக் கோடு வகுத்தது. ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடும் எண் இதுவேயாகும். 2022 இன் பிற்பகுதியில் கொழும்பு மாவட்டத்துக்கு இது ஏறக்குறைய 14,900 ரூபா. மிகக் குறைந்த மொனராகலைக்கு ஏறக்குறைய 13,200 ரூபா. வேற்றுமை எட்டில் ஒரு பங்குதான். நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை என்று எண்ணியிருந்தோர்க்கு இது எதிர்பாராத செய்தி.

2015 இல் நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணும் வெளிவரலாயிற்று. 2013 ஐ அடியாகக் கொண்ட கணக்கில் உணவுக்குக் கொழும்பில் ஏறக்குறைய 28 வீதமும், நாடு முழுவதிலும் ஏறக்குறைய 44 வீதமும் நிறை கொடுக்கப்பட்டன. இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று என்பது 2022 செத்தெம்பரில் வெளிப்பட்டது. அம்மாதம் உணவு விலையின் ஆண்டேற்றம் கொழும்பில் 94.9 வீதம், நாடு முழுவதிலும் 85.8 வீதம். உணவு கொழும்பிலேயே விரைந்து ஏறியது. ஆனால் மொத்தச் செலவின் ஏற்றமோ கொழும்பில் 69.8 வீதம், நாடு முழுவதிலும் 73.7 வீதம். தலைநகருக்கு வெளியே வாழ்வோர் வருவாயில் உணவு பெரும் பங்கை உண்பதே இதற்கு முதன்மைக் காரணம். அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, 2021-22 பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்திருந்தது. கல்முனைக் கரையின் வயற்காரன் அவ்வாண்டு விற்கும் நெல் குறைந்தவனாகவும், வாங்கும் அரிசி கூடியவனாகவும் சந்தையில் நின்றான்.

மாவட்டக் கோடு கொழும்புக் கோட்டிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்பாறை மாவட்டம் என்பது மகாவலிக் குடியேற்றமாகிய தெகியத்தகண்டி முதல் தெற்கே பொத்துவில் வரை பரந்தது. கல்லோயாக் குடியேற்றத்தில் இரண்டு ஏக்கர் வயலும் வீட்டு வளவும் உள்ளவனும், சாய்ந்தமருதில் நாலு பேர்ச்சு மண்ணுக்காக மத்திய கிழக்கில் பாத்திரம் கழுவும் பெண்ணும் ஒரே கோட்டின்கீழ் வருகின்றனர். அவள் அங்கிருந்து அனுப்பும் பணம் வருமானம் எனப் பதியப்படும்; அப்பணம் சென்று சேரும் வீடு இன்றும் அக்கணக்கில் செலவாகப் பதியப்படுவதில்லை.